கியர் ராடு பிடித்தவனுக்கு மட்டும் ஏன் அபராதம்? கம்ப்யூட்டர் கார் பந்தய லீக் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

லீக் நிர்வாகக் குழுவினருக்கு,

அடுத்த சீசனுக்கான விதிகளை ஞாயிறு இரவு அனுப்பினீர்கள். அதில் ஏழாவது விதி: "கியர் மாற்றும் முறை அவரவர் விருப்பம். ஆட்டோ கிளட்ச் எல்லோருக்கும் அனுமதி. இதைப் பற்றி இனி விவாதம் இல்லை." (ஆட்டோ கிளட்ச் என்றால், ஓட்டுபவர் கிளட்சை மிதிக்காமலே விளையாட்டு அதைப் பார்த்துக்கொள்வது.) அந்த விதியின் கடைசி வாக்கியத்தால்தான் இந்த மடலை எழுதுகிறேன். இரண்டு சீசனாகக் கட்டணம் கட்டி ஓட்டுகிறவனிடம் காரணம் சொல்லாமல் கதவைச் சாத்தினால், அவன் தெருவில் நின்றுதான் பேச வேண்டியிருக்கும்.

உங்கள் அறிவிப்பு ஆங்கிலத்தில் வந்தது. பதிலைத் தமிழில் எழுதுகிறேன். பெங்களூரில் நடக்கிற லீக் என்றாலும், பந்தயம் ஓடும்போது ஹெட்செட்டில் கேட்கிற திட்டுகளில் முக்கால்வாசி தமிழ்தான். அல்சூர், மர்பி டவுன், கிருஷ்ணராஜபுரம், ஓசூர் என்று யார் எங்கிருந்து வந்தாலும், முதல் வளைவில் பின்னாலிருந்து ஒருவர் இடித்ததும் தாய்மொழி தானாக வந்துவிடுகிறது. உங்கள் குழுவிலேயே பாதிப் பேருக்கு இந்த மடலைப் படித்துக் காட்ட ஆள் தேவைப்படாது.

நாம் ஓட்டுவது அசெட்டோ கோர்சா என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில். கார் பிஎம்டபிள்யூ எம்3, ஈ30. 1980களின் கார், மூன்று பெடல், ஒரு கியர் ராடு. இந்தக் காரைத் தேர்ந்தெடுத்தபோது "அந்தக் காலத்துப் பந்தயத்தை அப்படியே ஓட்டிப் பார்ப்போம்" என்று நீங்கள்தான் எழுதினீர்கள். சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்ஷன் கண்ட்ரோல் இந்தக் காரில் கிடையாது என்று சொல்லி சர்வரில் அதை மூடினீர்கள். கார் சுழலாமல் பிடித்துக்கொள்ளும் ஸ்டெபிலிட்டி உதவியையும் மூடினீர்கள். இரண்டும் சரியான முடிவு. ஸ்டியரிங் இல்லாமல், கையில் பிடிக்கும் கண்ட்ரோலரில் ஓட்டுகிற சிலர் முணுமுணுத்தபோது நான் உங்கள் பக்கம்தான் பேசினேன். அதே சர்வரில் ஆட்டோ கிளட்சுக்கும் தனியாக ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஈ30இல் தானாக மிதித்துக்கொள்ளும் கிளட்சும் கிடையாது. அதை மட்டும் ஏன் திறந்து வைத்திருக்கிறீர்கள்?

இது சின்ன விஷயம், விளையாட்டுதானே என்று நினைப்பவர்களுக்காக, ஒரு கியர் மாற்றத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மேல் கியர் போட வேண்டுமென்றால் நான் ஆக்சிலரேட்டரை விடுகிறேன், கிளட்சை மிதிக்கிறேன், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுக்கிறேன், ராடை ஒரு பள்ளத்திலிருந்து உருவி நியூட்ரல் வழியாக இன்னொரு பள்ளத்தில் போடுகிறேன், கிளட்சை விட்டு மறுபடி ஆக்சிலரேட்டரை அழுத்துகிறேன். கீழ் கியர் இன்னும் மோசம். வலது காலின் முன்பாதம் பிரேக்கில் இருக்கும்போதே, அதே காலின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி இன்ஜின் சுழற்சியை ஏற்ற வேண்டும். ஏற்றாமல் கிளட்சை விட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், கார் பம்பரமாகும். பேடில் வைத்து ஓட்டுகிறவர், அதாவது ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு விசைகளால் ஓட்டுகிறவர், ஒரு விரலை அசைக்கிறார். இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருக்கிறது. கிளட்ச், சுழற்சி எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது.

ஈ30இன் கியர் அமைப்பு வேறு வகை. நம் ஊர்க் கார்கள் மாதிரி முதல் கியர் இடதுபக்க மேல்மூலையில் இருக்காது. இடதுபக்கம் கீழே இருக்கும். இரண்டும் மூன்றும் நடுவில் ஒரே கோட்டில், நான்கும் ஐந்தும் வலதில் ஒரே கோட்டில். பந்தயத்தில் முதல் கியர் புறப்படும்போது மட்டும்தான் வேண்டும். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில்தான் ஓயாமல் போய் வருவோம், அதனால் அவற்றை நேர்கோட்டில் வைத்தார்கள். என்னிடம் இருப்பது ஆறு பள்ளம் உள்ள சாதாரண ஷிஃப்டர், அதாவது மேஜையில் மாட்டும் கியர் ராடு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் எந்த கியர் என்று நாமே ஒதுக்கிக்கொள்ளலாம் என்பதால், இடது மேல் பள்ளத்தைக் காலியாக விட்டு, மற்றவற்றை ஈ30 போலவே அமைத்து இரண்டு மாதம் பழகினேன். அப்புறம், அந்தக் கார் இடதுபக்க ஸ்டியரிங். ராடை வலது கையால் போட வேண்டும். நான் பிறந்ததிலிருந்து பார்த்ததெல்லாம் இடது கையால் போடுவதைத்தான். அதனால் ஷிஃப்டரை இடதுபக்கமே வைத்திருக்கிறேன். திரையில் வலது கை கியர் போடும், என் மேஜையில் இடது கை போடும். முழு நிஜம் வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஆள் நான் இல்லை என்பதற்காக இதையும் சொல்லிவைக்கிறேன்.

இனி இமோலா பந்தயத் தடத்தில் நடந்தது. போன சீசனின் நான்காவது பந்தயம், ரீப்ளே உங்களிடம் இருக்கிறது. 11ஆம் சுற்றுவரை நான் ஆறாவது இடம். எனக்குப் பின்னால் வந்தவர் பேடில், ஆட்டோ கிளட்ச். நல்ல ஓட்டுநர், சுத்தமாக ஓட்டுபவர், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. டோசா ஹேர்பின்னுக்கு, அதாவது அந்தக் கொண்டை ஊசி வளைவுக்கு, நான்காவதிலிருந்து இரண்டாவதுக்கு இறங்க வேண்டும். பிரேக்கைப் பிடித்து, ஆக்சிலரேட்டரைத் தட்டி, ராடை இழுத்தேன். கை ஒரு விரற்கடை கூடுதலாக இடதுபக்கம் போய்விட்டது. ராடு நான் காலியாக விட்டிருந்த பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. கியர் விழவில்லை. நியூட்ரலில் ஹேர்பின்னுக்குள் போய், வெளியே வரும்போது இன்ஜின் வெறுமனே கத்திக்கொண்டிருந்தது. மூன்று பேர் என்னைத் தாண்டிப் போனார்கள்.

தப்பு என்னுடையதுதான். அந்தப் பந்தயத்தின் முடிவை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. ராடு வைத்த காரில் கியர் தவறுவதும் ஒரு பகுதி. அதற்கு ஆசைப்பட்டுத்தானே அதை வாங்கினேன். ஆனால் எனக்குப் பின்னால் வந்தவரும் அதே காரைத்தான் ஓட்டினார். பந்தயம் முழுக்க, அவர் நினைத்தால்கூட ஒரு கியரைத் தவறவிட முடியாது. தவறு செய்யும் வாய்ப்பே அவர் காரிலிருந்து கழற்றப்பட்டிருக்கிறது. நான் மூன்றாவது போடுகிற இடத்தில் தவறி முதலாவதைப் போட்டால் இன்ஜின் சுழற்சி சிவப்புக் கோட்டைத் தாண்டி இன்ஜினே போய்விடும். நம் லீக்கில் போன சீசனில் இரண்டு பேருக்கு அப்படிப் போனது, இருவரும் ஷிஃப்டர்காரர்கள். பேடில் அழுத்துகிறவர் வேகம் அதிகமாக இருக்கும்போது கீழ் கியர் கேட்டால், கார் கேட்காதது மாதிரி இருந்துவிடுகிறது.

சரி, தவறாமல் போட்டால்? அதையும் பார்த்துவிட்டேன். ஒரு சனிக்கிழமை, அதே இமோலா, அதே கார், அதே பெட்ரோல் அளவு, அதே டயர். ராடோடு இருபது சுற்று, பேடிலும் ஆட்டோ கிளட்சுமாக இருபது சுற்று. என் சிறந்த சுற்றுகளுக்கு இடையே முக்கால் விநாடி வித்தியாசம், பேடிலுக்குச் சாதகமாக. இத்தனைக்கும் பேடில் எனக்குப் பழக்கமே இல்லை. இது ஒருவன் தன் வீட்டு அறையில் செய்து பார்த்த சோதனை, அவ்வளவுதான். நீங்களும் செய்து பாருங்கள். காரணம் லேசானது. கிளட்ச் மிதித்திருக்கும் அந்தக் கால் விநாடியில் கார் நின்றுவிடுவதில்லை, வேகம் ஏறாமல் இருக்கிறது. ஏறாமல் போன வேகம் அந்த நேர்பாதை முடியும்வரை கடன் மாதிரி கூடவே வரும். ஒரு சுற்றில் இப்படிப் பத்துக்கு மேல் கடன்.

இவ்வளவு வித்தியாசம் இருக்காதே என்று எனக்கே சந்தேகம் வந்தது. அசெட்டோ கோர்சாவை உருவாக்கியவர்கள் இதை யோசிக்காமல் விடவில்லை. ஒவ்வொரு காருக்கும் உள்ளே ஒரு கோப்பு இருக்கிறது. பேடிலால் மாற்றும்போது மேல் கியர் விழ எத்தனை மில்லி விநாடி, கீழ் கியர் விழ எத்தனை என்று அதில் எழுதியிருக்கும். பழைய ராடு கார் என்றால் அந்த எண்ணைக் கூட்டி வைத்து, பேடில்காரரையும் கொஞ்சம் காத்திருக்க வைக்கலாம். நியாயத்துக்கான வழி விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் நாம் ஓட்டுவது அதன் மூலக் கார் இல்லையே, லீக்குக்காக நீங்கள் மாற்றித் தந்த பதிப்பு. அதைத் திறந்து பார்த்தேன். மேல் கியருக்கு 50 மில்லி விநாடி என்று இருக்கிறது.

ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு. கண் இமைக்கவே அதைவிட நேரமாகும். 1980களின் கியர் ராடை எந்த மனிதக் கையும் அந்த வேகத்தில் நகர்த்தியதில்லை. டயரையும் பெயின்டையும் மாற்றியதாக உங்கள் அறிவிப்பில் இருந்தது; இந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யார் மாற்றினார்கள், எதற்காக என்று எனக்குத் தெரிய வேண்டும். கெட்ட எண்ணம் என்று சொல்லவில்லை. "பேடில் அழுத்தினால் கார் தாமதமாகக் கேட்கிறது" என்று யாராவது புகார் செய்திருப்பார்கள், ஒருவர் உதவி செய்வதாக நினைத்துக் குறைத்திருப்பார். தாமதம் என்று அவர் புகார் செய்தாரே, அதற்குப் பெயர்தான் கியர்பாக்ஸ்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ரோஷம் என்று கேட்கலாம். அப்பா 22 வருடம் லாரி ஓட்டியவர். கலாசிப்பாளையத்தில் லோடு ஏற்றி ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர் வழியாகச் சேலம். அவர் ஆரம்பத்தில் ஓட்டிய பழைய லேலண்டில் கியர் லேசில் விழாது. டபுள் கிளட்ச் போட வேண்டும். மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, விட்டு, ஆக்சிலரேட்டரைத் தட்டி, மறுபடி மிதித்துப் போட வேண்டும். சுழற்சி சேரவில்லை என்றால் பல்லோடு பல் உரசிக் கத்தும், பக்கத்தில் டீக்கடையில் நிற்கிறவனெல்லாம் திரும்பிப் பார்ப்பான். "கியரை கையால போடாதடா, காதால போடு" என்பார். தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, கடைசியில் பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது எங்கள் வீட்டில் பழமொழி மாதிரி.

இப்போது அவர் வண்டி ஓட்டுவதில்லை. நான் பயிற்சி செய்யும்போது கட்டிலில் படுத்தபடி, திரையைப் பார்க்காமலே, "ரெண்டாவது விழல" என்பார். சரியாக இருக்கும். ஒருநாள் பேடிலில் ஓட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது என்ன, ஸ்கூட்டி ஓட்டுற சத்தமா இருக்கு" என்றார்.

தானாக கியர் மாறுவதன்மேல் எனக்குப் பகையெல்லாம் இல்லை. 2014இல் மாருதி செலேரியோவில் கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி வந்தபோது, சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் அரை கிளட்சில் தினமும் ஒரு மணி நேரம் நின்ற என் இடது முழங்கால் முதலில் கைதட்டியது. அலுவலகத்துக்கு நான் ஓட்டுவதும் ஏஎம்டிதான். சில்க் போர்டில் யாரும் யாரையும் முந்தப்போவதில்லை. அங்கே நியாயம் பேச ஒன்றும் இல்லை. பந்தயத்தில் கியர் மாற்றும் நேரம் முடிவின் ஒரு பகுதி.

"பெரிய வித்தியாசம் ஒன்றும் வராது" என்று உங்களில் ஒருவர் போன மாதம் சொன்னார். 1989இல் பிரேசில் பந்தயத்தை நைஜல் மான்செல் ஃபெராரி 640இல் வென்றார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் பேடில் வைத்து வந்த முதல் ஃபார்முலா ஒன் கார் அது, ஜான் பர்னார்ட் வடிவமைத்தது. அந்த வருடம் அந்த ஃபெராரி பல பந்தயங்களில் பாதி வழியில் நின்றது. அப்படி நின்றும்கூட மற்ற அணிகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் ஓடின. 1995இல் ராடு வைத்து மிச்சமிருந்தது ஃபோர்ட்டி என்ற சின்ன அணியின் கார். ஃபார்முலா ஒன்னில் அதுவே கடைசி. வித்தியாசம் இல்லாத ஒன்றுக்காகக் கோடிக்கணக்கில் யாராவது செலவழிப்பார்களா? இடையில் 1991இல் பிரேசிலின் இன்டர்லாகோஸ் தடத்தில் அயர்ட்டன் சென்னா, கையால் கியர் போடும் மெக்லாரன் காரில், மற்ற கியர்கள் எல்லாம் போய் ஆறாவதை மட்டும் வைத்துக்கொண்டு கடைசிச் சுற்றுகளை ஓட்டி வென்றார். மேடையில் கோப்பையைத் தூக்கக் கையில் தெம்பில்லை. நம் லீக்கின் ஏழாவது விதிப்படி அவர் ஒரு பேடில் வாங்கியிருக்கலாம்.

உங்கள் தரப்பில் இரண்டு நியாயங்கள் இருக்கின்றன, அவற்றைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை.

முதலாவது பணம். ஷிஃப்டர் வாங்க முடியாதவர்களை ஒதுக்கக் கூடாது என்கிறீர்கள். சரிதான். நானே மடிவாளாவில் ஒரு கேமிங் கடையில் மணிக்கு 60 ரூபாய் கொடுத்து, பட்டன் தேய்ந்துபோன கண்ட்ரோலரில் ஓட்டிப் பழகியவன். என் ஷிஃப்டர் யாரோ விற்றது, 3,500 ரூபாய். அதற்கும் நான்கு மாதம் சேர்த்தேன். கிளட்ச் பெடலில் மிதிப்பை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்து, காலை வைக்காமலே பாதி மிதித்ததாகக் காட்டியபோது, எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி அதே அளவு ஒன்றைத் தேடிப் பிடித்து நானே மாற்றினேன். கையில் இல்லாதவனின் கஷ்டம் எனக்குத் தெரியும். நம்மில் ஒருவருக்கு இடது கால் அசையாது. அவர் ஓட்டுகிற ஓட்டத்தைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது நிறைய. கிளட்சைக் கட்டாயமாக்கி அவரை வெளியே தள்ளுகிற எந்த விதியையும் நானே எதிர்ப்பேன். ஆனால் இல்லாதவருக்கு வழி விடுவது வேறு, அந்த வழியையே குறுக்குவழி ஆக்குவது வேறு. இப்போது நடப்பதைப் பாருங்கள்: ஷிஃப்டர் வைத்திருந்த நான்கு பேரில் இரண்டு பேர் அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு பேடிலுக்கு மாறிவிட்டார்கள். ஏழைகளுக்காகக் கொண்டுவந்த விதியால், வைத்திருப்பவனும் அதைப் பயன்படுத்த முடியவில்லை.

இரண்டாவது, நிஜமான பந்தய கியர்பாக்ஸைப் பற்றியது. அதில் சுழற்சியைத் தானாகச் சேர்த்துவைக்கும் சின்க்ரோமெஷ் இருக்காது, நேராகக் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும் டாக் கியர் இருக்கும், அனுபவசாலிகள் கிளட்ச் மிதிக்காமலே மேல் கியர் போடுவார்கள், ஆகவே ஆட்டோ கிளட்ச் ஒன்றும் பொய் இல்லை என்று சொன்னீர்கள். முதல் பாதி உண்மை. ஆனால் அவர்களும் ஆக்சிலரேட்டரை ஒரு கணம் விட்டு, ஒரு கையை எடுத்து, ராடை நகர்த்தித்தான் போடுகிறார்கள். நேரம் அங்கேயும் ஆகிறது, தவறும் வாய்ப்பும் அங்கேயும் இருக்கிறது. இடது காலுக்கு மட்டும்தான் ஓய்வு.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபோர்ஸா என்ற கார் பந்தய விளையாட்டுகளில், கிளட்சோடு கூடிய மேனுவலைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலரில் ஒரு பொத்தானைக் கிளட்சாக வைத்து கியர் பொத்தானோடு சேர்த்து அழுத்தினால், சாதாரண மேனுவலைவிடச் சீக்கிரம் கியர் விழும். அதை ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது. கிளட்சைத் தொட்டவனுக்கு அங்கே பரிசு, நம் லீக்கில் தண்டனை. இரண்டிலும் காருக்கும் கியருக்கும் சம்பந்தமே இல்லை. அந்த வித்தையைப் பழகியவர்கள் இப்போது இங்கேயும் வருகிறார்கள். கிளட்ச், கியர், ஆக்சிலரேட்டர் மூன்றையும் ஒரே பொத்தானில் கட்டி வைத்திருப்பதாக ஒருவர் பெருமையாகவே சொன்னார். அதற்கு உங்கள் விதிப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

உங்கள் போஸ்டரில் "மேஜையிலிருந்து டிராக்குக்கு" என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஆசை எனக்கும் உண்டு. கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிய நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டியதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. இன்று நம் ஊர்ப் பையன் ஒருவன் பந்தயக் கார் ஓட்ட ஆசைப்பட்டால், கைக்கு எட்டுகிற முதல் படிகளில் ஒன்று ஃபார்முலா எல்ஜிபி என்ற பந்தய வகை. மாருதி ஸ்விஃப்டின் 1300 சிசி இன்ஜின், கையால் போடும் கியர். நம் லீக்கில் வேகமாக ஓட்டிய ஒரு தம்பி போன வருடம் கோவையில் பயிற்சிக்குப் போனான். பேடிலிலேயே வளர்ந்தவன். பிட் என்ற நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வருவதற்குள் மூன்று முறை இன்ஜினை அணைத்துவிட்டான். "வளைவு, பிரேக் எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு அண்ணா, கால்தான் என்னோடது மாதிரியே இல்ல" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவனுக்குக் கற்றுக்கொடுக்கக்கூடிய ஒரே காரை நாம் வைத்திருந்தோம். அதிலிருந்து அந்தப் பாடத்தை மட்டும் உருவி எடுத்துவிட்டு ஓட்டச் சொன்னோம்.

எனவே நான் கேட்பது இவை.

முதலில், அந்த 50 என்ற எண்ணை மாற்றுங்கள். என்ன வைப்பது என்று என் வாயால் சொன்னால் என் வசதிக்குச் சொல்வதாக ஆகும். அதனால், நம் ஷிஃப்டர்காரர்களின் ரீப்ளேக்களிலிருந்து சுத்தமாக விழுந்த கியர் மாற்றங்களை அளந்து, சராசரியை எடுத்து, பேடிலுக்கு அதையே வையுங்கள். மேல் கியர், கீழ் கியர் இரண்டுக்கும் தனித்தனியாக. கியர் தவறும் வாய்ப்பை எந்தக் கோப்பிலும் எழுத முடியாது என்பதால், அதன்மேல் கொஞ்சம் கூட்டி வைத்தால் யாரும் அழ மாட்டார்கள். கோப்பு எல்லோரிடமும் ஒன்றாக இல்லாவிட்டால் சர்வரே உள்ளே விடாது. ஆளுக்கொரு எண் வைத்து ஏமாற்றவும் வழியில்லை. இதைச் செய்துவிட்டால் ஆட்டோ கிளட்சைத் திறந்தே வையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. கண்ட்ரோலரில் ஓட்டுகிற பையனும் இடது கால் அசையாத நண்பரும் இப்போதுபோலவே ஓட்டலாம்.

ஒரே பொத்தானில் பல வேலைகளைக் கட்டுவதைத் தடை செய்யுங்கள். சந்தேகம் வந்தால் கை, கால் தெரிகிற காணொளி கேளுங்கள். முதலில் என்னுடையதைக் கேளுங்கள்.

லீக்குக்கென்று கார் கோப்பில் எதை மாற்றினாலும், பழைய எண், புதிய எண், காரணம் மூன்றையும் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால் எல்லோருக்கும் அனுப்புங்கள். டயருக்குச் செய்தீர்கள், கியருக்கும் செய்யுங்கள்.

சீசனில் ஒரே ஒரு பந்தயத்தை, புள்ளிக் கணக்கு இல்லாமல் வேண்டுமானாலும் சரி, ராடு மட்டும் என்று நடத்துங்கள். இல்லாதவர்களுக்கு அந்த வாரம் இரவல் கொடுக்க என்னுடையதோடு சேர்த்து மூன்று ஷிஃப்டருக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். கொண்டுவந்து மாட்டிக் கொடுப்பதும் என் பொறுப்பு.

ஏழாவது விதியின் மூன்றாவது வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். அதை எடுத்தபின் வாக்கெடுப்பு வைத்து நான் தோற்றால், தோற்றவனாக வந்து ஓட்டுகிறேன்.

முதல் பந்தயம் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில், இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பதில் வேண்டும். முடியாது என்றால் முடியாது என்றும், ஏன் என்றும். பதிலே வரவில்லை என்றால் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டாம். கோவைக்குப் போய் வந்தானே அந்தத் தம்பி, இந்த சீசனுக்கான அவன் கட்டணத்தில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

27ஆம் எண் காரை ஓட்டுபவன்,
அல்சூர், பெங்களூரு